மிதவைச் சட்டையா, லைஃப் ஜாக்கெட்டா? டர்பன் கடலுக்கு ஒன்று, மிட்மார் அணைக்கு ஒன்று

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் கயாக், பாய்மரப் படகு என்று புதிதாக இறங்கும் நம்மவர்கள் கடைக்குள் நுழைந்ததும் ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் தடித்த ஃபோம் வைத்துத் தைத்த சட்டைகள். மறுபக்கம் தோள்வார் மாதிரி மெலிதாகத் தொங்கும் ஊதும் ஜாக்கெட்டுகள். அட்டைகளில் 50, 100, 150, 275 என்று எண்கள். எண்ணோடு சேர்ந்து பெரும்பாலும் விலையும் ஏறுகிறது. எண் பெரிதானால் பாதுகாப்பும் பெரிது என்று கணக்குப் போட்டு, அணையில் கயாக் ஓட்டப்போகிறவர் 150 நியூட்டன் தானியங்கி ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பணம் வீண் என்பதோடு விஷயம் முடிவதில்லை. கயாக்கில் அது ஆபத்தாகவும் ஆகலாம்.

எண்ணைப் பார்க்குமுன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: தண்ணீரில் விழுவது உங்கள் விளையாட்டின் ஒரு பகுதியா, அல்லது நடக்கவே கூடாத விபத்தா? கயாக், சர்ஃப்ஸ்கி (மேலே உட்கார்ந்து ஓட்டும் நீண்ட கடல் கயாக்), டிங்கி (சிறிய பாய்மரப் படகு) ஓட்டுகிறவர் ஒரு நாளில் பல தடவை விழுவார்; விழுந்ததும் நீந்தி, படகை நிமிர்த்தி, ஏறி உட்கார வேண்டும். பெரிய பாய்மரப் படகின் மேல்தளத்தில் இருப்பவர் விழுந்தால், படகு திரும்பி வரும்வரை அசையாமல் மிதக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே உடுப்பு சரிவராது.

## எவற்றை வைத்து எடை போடுவது

மிதப்பு. நியூட்டன் என்பது உடுப்பு உங்களை மேல்நோக்கித் தள்ளும் விசை. பத்து நியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ. 50 நியூட்டன் என்றால் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். மனித உடல் தண்ணீரில் கிட்டத்தட்ட எடையற்றுத்தான் இருக்கிறது. வெளியே நிற்க வேண்டிய தலைக்கு மட்டுமே தாங்கல் தேவை. அதனால்தான் நீச்சல் தெரிந்தவருக்கு ஐந்து கிலோ போதுகிறது. ஐஎஸ்ஓ 12402 என்ற சர்வதேசத் தர விதியில் வரும் 50, 100, 150, 275 எல்லாம் பெரியவர்களுக்கான குறைந்தபட்ச அளவுகள். உடல் எடை குறைந்தவருக்கான சிறிய சைஸில் உண்மையான நியூட்டனும் குறைவாகவே இருக்கும். சட்டையின் உள்பக்க முத்திரையில் எடை வரம்பும் அந்த சைஸின் நியூட்டனும் அச்சிட்டிருக்கும், வாசித்துப் பார்க்கவும்.

முகத்தை மேலே திருப்புமா? மயங்கியவரைக் குப்புறக் கிடக்கும் நிலையிலிருந்து மல்லாத்துவது வெறும் மிதப்பால் ஆகாது. மிதப்பு மார்பிலும் கழுத்தைச் சுற்றியும் குவிந்திருந்தால்தான் உடல் புரளும். 50 வகைச் சட்டையில் மிதப்பு முன்னும் பின்னும் பிரிந்திருக்கிறது. நீந்த வசதி, ஆனால் மயங்கியவரைத் திருப்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

உதவி எவ்வளவு தூரத்தில், தண்ணீர் எவ்வளவு குளிரில்? இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டர்பன் கடல் குளிர்காலத்திலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். கேப் டவுனின் அட்லாண்டிக் கரையில் கதை தலைகீழ்: கோடையில் தென்கிழக்குக் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்நீர் ஏறி 10, 12 டிகிரிக்கு இறங்கிவிடும். வெயில் சுடும் நாளில்தான் தண்ணீர் உறைய வைக்கிறது. அந்தக் குளிரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. அடுத்த பத்து நிமிடங்களில் விரல்கள் சொன்னபடி கேட்காமல் போகும். உடல் வெப்பம் அபாயகரமாக இறங்கச் சுமார் ஒரு மணி நேரம் ஆகலாம். சாவு பெரும்பாலும் முந்திய இரண்டு கட்டங்களிலேயே வந்துவிடுகிறது. நன்றாக நீந்துகிறவருக்கும் இதில் விலக்கில்லை.

கழற்றாமல் போட்டிருப்பீர்களா? பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் தடித்த ஃபோமைப் போட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் உட்காருவது எல்லோராலும் ஆகாது. காலடியில் சுருட்டி வைத்த ஜாக்கெட்டைக் கவிழ்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பது கற்பனை. அலையில் இரண்டு கையும் தேவைப்படும்போது ஜிப்பைத் தேட முடியாது.

பராமரிப்பு. ஃபோமுக்கு நல்ல தண்ணீரும் நிழலும் போதும். ஊதும் ஜாக்கெட் ஓர் இயந்திரம். அதற்குச் சோதனை உண்டு, உதிரிபாகம் உண்டு, காலாவதித் தேதி உண்டு.

## 50 நியூட்டன் மிதவைச் சட்டை

கடையில் பாயன்சி எய்ட் என்று கேட்டால் எடுத்துத் தருவது இதைத்தான். துடுப்புக்காரர்கள் பி.எஃப்.டி என்பார்கள். கயாக், சர்ஃப்ஸ்கி, டிங்கி, நின்று துடுப்பிடும் பலகை ஆகிய நான்குக்கும் இயல்பான தேர்வு இதுவே.

அக்குள் பகுதி அகலமாக வெட்டியிருப்பதால் துடுப்பு வீசும்போது தோலை உரசாது. விழுந்தால் குப்புறப் படுத்து நீந்தலாம். கவிழ்ந்த டிங்கியின் அடியில் மாட்டிக்கொண்டால் கையால் தள்ளிக்கொண்டு வெளியே வரும் அளவுக்குத்தான் இதன் மிதப்பு இருக்கிறது. அது குறையல்ல, நன்மை. பாறையில் மோதினால் விலா எலும்புக்கும் முதுகுக்கும் மெத்தை. குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்கு இனாண்டா அணையில் இறங்குகிறவர்களுக்கு இந்த மெத்தையே ஒரு ஸ்வெட்டர்.

இது எங்கே காலை வாரும்? நீச்சல் தெரியாதவரிடம், மயங்கியவரிடம், உதவி வரத் தாமதமாகும் இடத்தில். தலையில் பூம் (பாயின் அடிப்பக்கக் கம்பம்) அடித்து நினைவிழந்தவரை இது மிதக்க வைக்கும். முகம் தண்ணீருக்குள் இருக்கலாம். தனியாகக் கடலுக்குள் போகிறவர் இதை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். பூமும் பாறையும் உள்ள இடத்தில் ஹெல்மெட்டும் சேர்ந்தால்தான் இந்தச் சட்டை முழுமை.

வாங்கும்போது வடிவத்தைப் பார்க்கவும். கயாக் இருக்கையின் முதுகு உயரமாக இருந்தால், முதுகில் ஃபோம் கீழ்வரை இறங்கும் சட்டை உட்கார்ந்ததும் மேலே தள்ளி நாடியில் இடிக்கும். அதற்கு முதுகின் கீழ்ப்பாதியில் ஃபோம் இல்லாத மாதிரி வேண்டும். டிங்கிக்கு வெளியே பையும் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்காத, தலைவழியாகப் போட்டுப் பக்கத்தில் ஜிப் இழுக்கும் மாதிரி நல்லது. பூமின் கயிறுகள் கொளுவிக்கொள்ளாது. பெண்களுக்கென்று வெட்டிய மாதிரிகளில் முன்பக்க ஃபோம் மடிந்து உட்காரும். அதைப் போட்டுப் பார்க்காமல் ஆண்களுக்கான சின்ன சைஸை எடுத்தால் இடைவெளி விழுந்து சட்டை மேலேறும்.

மறைந்திருக்கும் செலவு ஃபோமின் ஆயுள். வெயிலும் அழுத்தமும் மூடிய காற்றறைகளைக் கொண்ட அந்த ஃபோமைச் சுருக்குகின்றன. சட்டை பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும், மிதப்பு இறங்கியிருக்கும். சூடான காரின் பின்பக்கத்தில் மேலே கூலர் பெட்டியை ஏற்றி வைத்தால் ஆயுள் இன்னும் வேகமாகக் குறையும். சட்டையை மண்டியிட உபயோகிப்பவர்களும் உண்டு. செய்யக் கூடாது.

## ஆற்றுக்கான மீட்புச் சட்டை

ஓடும் ஆற்றுக்கு 70 நியூட்டனும் அதற்கு மேலும் உள்ள சட்டைகள் கிடைக்கின்றன. நுரை பொங்கும் நீரில் பாதி காற்றுதான் இருக்கிறது, அதனால் அங்கே மிதப்பு குறையும். கூடுதல் ஃபோம் அதை ஈடுகட்டத்தான்.

இவற்றில் சிலவற்றில் முதுகுப்பக்கம் வளையமும் முன்பக்கம் சட்டென்று கழன்றுவிடும் பட்டையும் உண்டு. ஒருவரைக் கயிற்றில் கட்டி நீரோட்டத்துக்குள் இறக்கி மீட்பதற்கானது அது. வேகமான நீரில் மீட்புப் பயிற்சி எடுக்காதவர் கையில் அது கழுத்துக்குச் சுருக்கு. பயிற்சி இல்லையென்றால் அந்தப் பட்டை இல்லாத மாதிரியையே வாங்குங்கள், விலையும் குறையும்.

டூசி என்ற கனோ படகு மராத்தானில் இறங்கப்போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கி, ம்சுண்டுசி, உம்ங்கேனி ஆறுகள் வழியாக டர்பனின் புளூ லகூன் வரை மூன்று நாளில் சுமார் 120 கிலோமீட்டர். 1951 முதல் நடக்கும் இந்தப் போட்டியில் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறி ஓடும் இடங்கள் ஏராளம். நனைந்ததும் தண்ணீரைக் குடித்துக் கனக்கும் துணியும், தோளில் படகு உட்காரும் இடத்தில் உறுத்தும் கொக்கியும் அங்கே பெரிய தொல்லை. மெலிந்த, தோள்பட்டை தட்டையான பந்தயச் சட்டை வேண்டும். ஆனால் பந்தயச் சட்டை என்ற பெயரில் ஃபோமைச் சுரண்டிய மாதிரிகளும் உலவுகின்றன. போட்டி அமைப்பாளர் கேட்கும் மிதப்பு முத்திரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்த ஆற்றில் தண்ணீரைக் குடித்துவிட்டு வரும் வயிற்றுப்போக்குக்கு டூசி கட்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டையைப் போட்டியன்றே நன்னீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். அப்படியே பைக்குள் திணித்தால் அடுத்த வாரம் நாற்றம் தாங்காது.

## 100 நியூட்டன் ஃபோம் லைஃப் ஜாக்கெட்

கழுத்தைச் சுற்றி ஃபோம் காலர், முன்பக்கம் இரண்டு தடித்த பலகை, ஆரஞ்சு நிறம். யாருக்கும் அழகாகத் தெரியாது. அமைதியான நீரில் மயங்கியவரையும் பெரும்பாலும் மல்லாத்திவிடும். ஊதும் ஜாக்கெட்டில் உள்ளது போல வாயுச் சிலிண்டர் இல்லை, தண்ணீரில் கரைந்து அதை இயக்கும், காலாவதி ஆகும் மாத்திரையும் இல்லை.

நீச்சல் தெரியாத பெரியவர்களுக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதுதான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைத் துறைமுகத்தில் படகுச் சவாரிக்குக் கூட்டிப்போகும்போது அவர்களுக்கு மெலிந்த 50 சட்டையைப் போட்டுவிட்டு “இது போதும்” என்று சொல்லாதீர்கள். அவர்களால் நீந்த முடியாது. பயத்தில் குப்புற விழுந்தால் திரும்பவும் தெரியாது.

குழந்தைகள் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: “வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே எடு.” பள்ளிச் சீருடைக்கு அது சரி. லைஃப் ஜாக்கெட்டுக்கு அது விபரீதம். பெரிய ஜாக்கெட் தண்ணீரில் மேலே போகும், குழந்தை அதன் வழியாகக் கீழே நழுவும். வயதைப் பார்த்து வாங்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள். குழந்தைக்கான ஜாக்கெட்டில் மூன்று விஷயங்கள் கட்டாயம்: கால்களுக்கு இடையே போகும் கவட்டுப் பட்டை, தலையைத் தாங்கும் காலர், கழுத்துக்குப் பின்னால் தூக்குவதற்கான கைப்பிடி. கவட்டுப் பட்டை குத்துகிறது என்று பிள்ளை அழுதால் பட்டையின் கீழ் தடித்த கால்சட்டை போடுங்கள், பட்டையைக் கழற்றாதீர்கள். கைகளில் மாட்டும் காற்றுப் பட்டையும் நீச்சல்குளத்து வளையமும் விளையாட்டுச் சாமான்கள். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

குறை? தடிப்பு. கயாக்கில் துடுப்பு வீச முடியாது, குப்புற நீந்த முடியாது, புழுக்கம். பெரியவர்கள் கழற்றி வைக்கத் தூண்டும் ஜாக்கெட் இது.

## 150 நியூட்டன் ஊதும் ஜாக்கெட்

தோளிலும் மார்பிலும் மெல்லிய பட்டையாகக் கிடக்கும். உள்ளே மடித்த பை ஒன்று, அதை நிரப்பக் கரியமில வாயுச் சிலிண்டர் ஒன்று. 150 வகையில் பெரும்பாலும் 33 கிராம் சிலிண்டர். அதிலிருந்து வெளிவரும் வாயு ஏறக்குறைய 18 லிட்டர் இடத்தை நிரப்பும். 15 கிலோ தூக்க அது போதும். மயங்கியவரைச் சில நொடிகளில் மல்லாத்தி, வாயைத் தண்ணீருக்கு நன்றாக மேலே நிறுத்துவதில் இதற்கு இணையான ஃபோம் உடுப்பு கிடைப்பது அரிது.

பெரிய பாய்மரப் படகில் மேல்தளத்தில் நடமாடுகிறவர்களுக்கு இதுவே சிறந்தது. வெயிலிலும் போட்டிருக்கலாம், கயிறு இழுக்கவும் தடையில்லை. கடலுக்குப் போவதானால் பாதுகாப்புக் கயிறு மாட்டும் வளையம், கவட்டுப் பட்டை, விளக்கு, முகத்தை மறைக்கும் தெளிப்பு மறைப்பு ஆகிய நான்கும் உள்ளதாக வாங்குங்கள். அலையடிக்கும் கடலில் மிதப்பவர் காற்றுக்கு முகம் திரும்பித்தான் கிடப்பார். மறைப்பு இல்லையென்றால் ஒவ்வோர் அலையும் நேராக வாயில் அடிக்கும். கவட்டுப் பட்டை இல்லையென்றால் ஊதிய பை காதுக்கு மேலே ஏறிவிடும், முகம் கீழே இருக்கும். தனியாக வாங்கிச் சேர்ப்பதைவிடச் சேர்த்து வாங்குவது மலிவு.

இயக்கும் விதம் மூன்று. கையால் இழுப்பது: கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் ஊசி சிலிண்டரைத் துளைக்கும், மயங்கியவருக்கு உதவாது. கரையும் மாத்திரை: தண்ணீர் பட்டதும் மாத்திரை கரைந்து சுருள்வில்லை விடுவிக்கும். நீரழுத்தம்: சுமார் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்ந்தால்தான் இயங்கும், தெளிக்கும் தண்ணீருக்கு அசையாது, ஆனால் மாற்றுப் பாகம் விலை கூடியது. டர்பன் மாதிரி ஈரக்காற்று ஊரில், நனைந்த ஜாக்கெட்டைப் படகின் அலமாரிக்குள் பூட்டி வைத்தால் மாத்திரை வகை தானாகவே ஊதிக்கொள்வது அபூர்வமல்ல. அலைத்தெறிப்பில் நனைந்துகொண்டே போகிறவர்கள் கூடுதல் செலவானாலும் நீரழுத்த வகைக்குப் போவது நல்லது.

இனி, ஏன் கயாக்குக்கும் டிங்கிக்கும் வேண்டாம் என்று சொல்கிறோம்? கயாக் கவிழ்ந்து நீங்கள் உள்ளே தலைகீழாக உட்கார்ந்திருக்கும்போது தானியங்கி ஜாக்கெட் ஊதினால், அது உங்களை மேலே தள்ளிப் படகோடு அமுக்கும். இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடும் ஸ்ப்ரே டெக்கை இழுக்கக் குனியவும் முடியாது. கவிழ்ந்த டிங்கியின் பாய்க்கு அடியில் ஊதினால் மூழ்கி வெளியேறும் வழி அடைபடும். தப்பித்து வெளியே வந்தாலும், மார்பில் பெரிய பலூனை வைத்துக்கொண்டு படகில் ஏற முடியாது. காற்றை இறக்கிவிட்டு ஏறினால் அடுத்த விழுகைக்கு வாயால் ஊதியாக வேண்டும். கையால் இழுக்கும் வகையிலும் முதல் ஆபத்து மட்டுமே குறைகிறது.

கரையிலிருந்து அலைக்குள் இறக்கும் விசைப்படகான ஸ்கி-போட்டில் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இந்தக் கரையில் அலையைக் கிழித்துக்கொண்டு படகை இறக்குவதுதான் பயணத்தின் ஆபத்தான பத்து நிமிடங்கள். படகு அங்கே புரண்டால் தளத்துக்கு அடியில் ஊதிக்கொண்ட ஜாக்கெட் உங்களை அங்கேயே நிறுத்திவிடும். அலையைத் தாண்டும்வரை ஃபோம் போட்டுக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு இங்கேதான் கொட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு தடவை ஊதிய பிறகும் சிலிண்டர், மாத்திரை அல்லது இயக்கத் தலை, ஜாக்கெட் தயார் என்று காட்டும் பச்சைக் குறி எல்லாம் சேர்ந்த மறுபொருத்துப் பெட்டி வாங்க வேண்டும். ஊதாமலே இருந்தாலும் மாத்திரை வகைக்குப் பொதுவாக மூன்று ஆண்டு, நீரழுத்த வகைக்கு ஐந்து ஆண்டு என்று தேதி அச்சிட்டிருக்கும். சிலிண்டர் அழுத்த வாயு என்பதால் கூரியரில் அனுப்பத் தயங்குவார்கள். சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ விமானத்தில் கொண்டுவர நினைத்தால், ஜாக்கெட்டில் பொருத்திய சிலிண்டரோடு ஓரிரு உதிரிகளுக்கு சர்வதேச விதிகள் இடம் தருகின்றன. ஆனால் விமான நிறுவனத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். வெளிநாட்டு மாதிரி ஒன்றை வாங்கிவிட்டு அதற்கான மறுபொருத்துப் பெட்டி தென்னாப்பிரிக்காவில் கிடைக்காமல் திண்டாடுவது வழக்கமான கதை. ஜாக்கெட்டுக்கு முன் பெட்டி உள்ளூரில் கிடைக்குமா என்று கேளுங்கள். வாங்கும் நாளிலேயே உதிரி ஒன்றும் சேர்த்து எடுங்கள்.

## 275 நியூட்டனும் இடுப்புப் பையும்

275 வகை, 60 கிராம் சிலிண்டருடன், கனத்த கடற்புயல் உடைக்குள் காற்று மாட்டிக்கொண்டு உடலைக் குப்புறத் தள்ளும் நிலைக்கானது. ஆழ்கடல் ஓட்டமும் தொழிலும் இல்லாதவருக்குத் தேவையில்லை. சின்ன உடம்புக்காரர் இதை மாட்டினால் ஊதியபின் கையைக் கூட அசைக்க முடியாது.

இடுப்புப் பை, நின்று துடுப்பிடும் பலகைக்காரர்கள் விரும்புவது. இழுத்தால் ஊதும், ஊதியதைத் தலைவழியாக நீங்களே மாட்டிக்கொள்ள வேண்டும். தட்டையான நீரில், கால்கயிறு கட்டிய, நன்றாக நீந்தும் பெரியவருக்கு ஏற்கலாம். மற்ற எவருக்கும் சிபாரிசு செய்ய முடியாது. ஓடும் ஆற்றில் கணுக்காலில் கயிறு கட்டுவதும் கூடாது. கிளையில் மாட்டினால் தண்ணீர் உங்களை அமுக்கிவிடும். அங்கே இடுப்பில் சட்டென்று கழற்றும் கயிறும் ஃபோம் சட்டையும்தான்.

## ஒரே பார்வையில்

| வகை | மயங்கியவரைத் திருப்புமா | நீந்தி, மீண்டும் ஏறலாமா | பராமரிப்பு | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|
| 50 மிதவைச் சட்டை | இல்லை | எளிது | அலசி, காயவை | கயாக், டிங்கி, சர்ஃப்ஸ்கி, பலகை |
| 70+ ஆற்றுச் சட்டை | இல்லை | எளிது | அலசி, காயவை | ஓடும் ஆறு |
| 100 ஃபோம் ஜாக்கெட் | அமைதி நீரில் பெரும்பாலும் | சிரமம் | அலசி, காயவை | குழந்தைகள், நீச்சல் தெரியாதவர்கள் |
| 150 ஊதும் ஜாக்கெட் | ஆம் | ஊதியபின் மிகச் சிரமம் | மாதாந்தரச் சோதனை, உதிரிபாகம் | பெரிய பாய்மரப் படகு, விசைப்படகு |
| 275 ஊதும் ஜாக்கெட் | கனத்த உடையிலும் | முடியாத காரியம் | மேலே சொன்னதே | ஆழ்கடல், தொழில் |
| இடுப்புப் பை | இல்லை | மாட்டும்வரை எளிது | மேலே சொன்னதே | தட்டை நீரில் பலகை |

## ஊர் பார்த்துத் தேர்வு

மிட்மாரில் டிங்கி: 50 போதும், கிளப்பின் மீட்புப் படகு தண்ணீரில் இருக்கும் நாட்களில். கோடைப் பிற்பகல் இடிமழைக்கு முன் வரும் சூறைக்காற்று நொடியில் படகைக் கவிழ்க்கும் அணை இது. மீட்புப் படகு இல்லாத நாளில் தனியாகப் போகாதீர்கள். ஜாக்கெட்டை மாற்றுவதால் அந்த ஆபத்து தீராது.

டர்பனில் சர்ஃப்ஸ்கி: 50, பளிச்சென்ற நிறத்தில். கடலில் கறுப்பும் நீலமும் கண்ணுக்குத் தெரியாது. சட்டையின் தோளில் விசில், பையில் நீர்புகாத உறைக்குள் கைபேசி, காலில் படகுக் கயிறு. தேசியக் கடல் மீட்பு நிறுவனமான என்.எஸ்.ஆர்.ஐயின் சேஃப்டிரெக்ஸ் செயலியில் பயணத்தைப் பதிந்துவிட்டுப் போங்கள். கைபேசியில் அவசர எண் 112. கைபேசியைப் படகில் கட்டி வைத்தால், படகு கைவிட்டுப் போகும்போது அதுவும் போகும். உடம்பில்தான் இருக்க வேண்டும்.

கேப் டவுனில் அதே சர்ஃப்ஸ்கி என்றால், 50 சட்டைக்குக் கொடுக்கும் பணத்தைப் போல வெட்சூட்டுக்கும் ஒதுக்குங்கள். 10 டிகிரி நீரில் சட்டை உங்களை மிதக்க வைக்கும், விரல்களைக் காப்பாற்றாது. சட்டையை வெட்சூட்டின் மேல் போட்டுப் பார்த்துத்தான் சைஸ் எடுக்க வேண்டும்.

வால் (Vaal) அணையில் குடும்பத்தோடு பெரிய பாய்மரப் படகு: ஓட்டுகிறவருக்கும் கயிறு இழுப்பவருக்கும் 150, குழந்தைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் 100 ஃபோம்.

பதிவு செய்து சோதனைக்கு உட்படும் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கடல்சார் பாதுகாப்பு ஆணையமான சாம்சா 2007-ஆம் ஆண்டுச் சிறுபடகு விதிகளைக் கொண்டு படகுகளை வகை பிரிக்கிறது. வகைக்கு ஏற்ப ஜாக்கெட்டும் மாறும். உங்கள் படகுக்கு எந்த முத்திரை ஏற்கப்படும் என்று வாங்குமுன் படகைச் சோதிக்கும் சர்வேயரிடம் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் மலிவாக வாங்கிய ஆறு ஜாக்கெட்டும் நிராகரிக்கப்பட்டால் ஆறையும் மறுபடி வாங்க வேண்டியதுதான்.

## போட்டுப் பார்ப்பது

எல்லாப் பட்டைகளையும் தளர்த்திப் போடுங்கள். முதலில் இடுப்புப் பட்டை, பிறகு பக்கப் பட்டைகள், கடைசியில் தோள். தோளை முதலில் இறுக்கினால் சட்டை மேலே நின்றுவிடும், இடுப்பு பிடிக்காது. இன்னொருவரை இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை நாடியையோ காதையோ தொட்டால் பெரிது, அல்லது இடுப்புப் பட்டை தளர்ச்சி. ஊதும் ஜாக்கெட்டில் மார்புப் பட்டைக்குள் முஷ்டி இறுக்கமாக நுழைய வேண்டும். அதற்கு மேல் இடம் இருந்தால் தளர்வு, நுழையவே இல்லையென்றால் ஊதும்போது மூச்சு முட்டும். அதன் மேல் மழைக்கோட்டை மாட்டக் கூடாது. கோட்டு முதலில், ஜாக்கெட் மேலே.

## வீட்டிலேயே சோதனை

ஃபோம் சட்டைக்கு ஒரு வாளி போதாது; நீச்சல்குளமோ பெரிய தொட்டியோ வேண்டும். 6 கிலோ இரும்பு எடையைச் சட்டையில் கட்டி இறக்குங்கள். இரும்பு தண்ணீரில் தன் எடையில் எட்டில் ஒரு பங்கை இழக்கும். ஆகவே 6 கிலோ எடை அங்கே சுமார் 51 நியூட்டன்தான் இழுக்கும். ஐந்து நிமிடம் மிதந்தால் பெரியவருக்கான 50 சட்டை இன்னும் தகுதியோடு இருக்கிறது. மெல்ல அமிழ்ந்தால் காலம் முடிந்தது. இரும்புக்குப் பதில் 6 கிலோ சிமென்ட் கல்லைக் கட்டிவிட்டு “மிதக்கிறதே” என்று மகிழ்பவர்கள் உண்டு. கல் தண்ணீரில் தன் எடையில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் இழந்துவிடும். அந்தச் சோதனையில் செத்த ஃபோமும் தேறும். சட்டையில் காற்றுக் குமிழ் தங்காதபடி முதலில் நன்றாக அமுக்கி நனைத்துக்கொள்ளுங்கள். சின்ன சைஸ்களுக்கு முத்திரையில் உள்ள நியூட்டனுக்கு ஏற்ப எடையைக் குறைக்க வேண்டும்.

ஊதும் ஜாக்கெட்டுக்கு மாதம் ஒரு முறை: உறையைத் திறந்து சிலிண்டரைக் கையால் வலப்பக்கம் திருகிப் பாருங்கள். படகின் அதிர்விலும் உடம்பின் அசைவிலும் அது தானாகவே தளர்ந்துவிடும். தளர்ந்த சிலிண்டரை ஊசி எட்டாது. ஊதாமல் போகும் ஜாக்கெட்டுகளுக்கு முதல் காரணமாக இதையே சந்தேகிக்கலாம். குறி பச்சையா, தேதி பாக்கியா, துரு உண்டா என்றும் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை சிலிண்டரைக் கழற்றிச் சமையலறைத் தராசில் நிறுத்து, அதன்மேல் பொறித்த மொத்த எடையோடு ஒப்பிடுங்கள், குறைந்திருந்தால் மாற்றுங்கள். அதே நாளில் வாய்க்குழாய் வழியாகப் பையை இறுக்கமாக ஊதி ஓர் இரவு விடுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேடலாம், ஆனால் ஒட்டுப் போட்டு நீங்களே சரிசெய்யாதீர்கள். பையைத் தொட்டுச் சரிசெய்வது தயாரிப்பாளர் அங்கீகரித்த சேவை மையத்தின் வேலை மட்டுமே.

## பழைய ஜாக்கெட்

கைமாறி வரும் ஃபோம் சட்டையை எடைச் சோதனையில் தேறினால், ஜிப்பும் தையலும் உறுதியாக இருந்தால் வாங்கலாம். வெயிலில் வெளுத்த பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். பழைய ஊதும் ஜாக்கெட்டை, மறுபொருத்துப் பெட்டியின் விலையையும் சேவைக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே தொடுங்கள். கூட்டுத்தொகை பல நேரம் புதியதை எட்டிவிடும்.

உங்களுடையது காலாவதியானால் அப்படியே குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். ஃபோம் சட்டையின் பட்டைகளைக் கத்தரித்து, ஊதும் ஜாக்கெட்டின் பையைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் துறைமுகப் பக்கம் மீன்பிடிக்கப் போகும் யாராவது அதைக் கண்டெடுத்து, நல்ல ஜாக்கெட் என்று நம்பி மாட்டிக்கொள்வார்.